சின்செரோச் சந்தையில் வாங்கிய சால்வை

அன்பு மகளுக்கு,

உன் தோழிகளுக்கும் சேர்த்துப் பத்துச் சால்வைகள் வாங்கிவரச் சொல்லியிருந்தாய். நானும் அப்பாவும் பெரு நாட்டின் கூஸ்கோ நகருக்கு அருகே, 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் சின்செரோ ஊரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தோம். வாங்கியது ஒன்றே ஒன்றுதான். அதன் காரணத்தை நீ அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சந்தையில் கடை விரித்திருக்கும், ஆண்டிஸ் மலையின் பூர்வகுடிகளான கெச்சுவாப் பெண்களின் கைகள் வியாபாரத்துக்கு நடுவிலும் ஓய்வதில்லை. நம் தக்ளியைப் போன்ற கதிரைச் சுழற்றி ரோமத்தை நூலாக்கிக்கொண்டே பேசுகிறார்கள். ஒரு பெண்மணி, சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியின் உலர்ந்த உடலை உள்ளங்கையில் நசுக்கினார். கை முழுதும் செக்கச் சிவந்தது. அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்ததும் அந்தச் சிவப்பு ஆரஞ்சாக மாறியதைப் பார்த்து நான் அசந்துபோனேன். சில்கா என்ற செடியின் இலையிலிருந்து பச்சைச் சாயம் எடுக்கிறார்கள். சாயம் நூலில் நிலைத்து நிற்கப் படிகாரம் சேர்க்கிறார்கள்.

தறியின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையைத் தம் இடுப்பிலும் கட்டிக்கொண்டு, உடலைச் சாய்த்தே பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களின், இறுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் நெய்கிறார்கள். பாவு நூலே அலங்காரத்தை உருவாக்குவதால் எந்த இழையை எப்போது தூக்குவது என்ற கணக்கு பிசகக் கூடாது. அந்தக் கணக்கைத் தாளில் எழுதிவைக்காமல், தாயிடமிருந்து மகள் பார்த்துப் பழகி மனத்தில் வைத்திருக்கிறாள். 'யிக்யா' எனப்படும் தோள் சால்வைக்கு இப்படி இரண்டு துண்டுகளை நெய்து, நடுவில் இணைத்துத் தைக்க வேண்டும். இத்தனை நாள் உழைப்புக்குக் கேட்ட விலையைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து வாங்கவும் எங்களிடம் பணமில்லை.

'பேபி அல்பாக்கா' (லாமாவைப் போன்ற அல்பாக்கா என்னும் விலங்கின் மிக மென்மையான ரோமம்) என்று சீட்டு ஒட்டி மலிவாக விற்கப்படும் சால்வைகளில் பல, இயந்திரத்தில் நெய்த செயற்கை இழைத் துணிகளே. அவற்றை வாங்கிவந்து, அந்தப் பெண்களின் வேலை என்று உன் தோழிகளிடம் கொடுக்க நான் விரும்பவில்லை. நீ அங்கே போகும்போது துணியின் விளிம்பைக் கவனித்துப் பார்: மரபான நெசவில் துணியை வெட்டுவதில்லை என்பதால் நான்கு பக்கமும் பிரியாத கரையாக இருக்கும். பெரும்பாலும் பின்புறத்திலும் அதே கோலம் நிறம் மாறித் தெரியும்.

தோழிகளுக்கும் வேண்டுமென்றால், சின்செரோவைச் சேர்ந்த நெசவாளர் நில்டா கையாஞௌபா மற்றவர்களோடு சேர்ந்து 1996இல் தொடங்கிய மரபு நெசவு மையத்துக்குக் கூஸ்கோவில் ஒரு கடை இருக்கிறது. அங்கே ஒன்றிரண்டு வாங்கலாம், பேரம் பேசாதே.

உன் சால்வையை இத்துடன் அனுப்புகிறேன். இயந்திரத்தில் போடாமல் குளிர்ந்த நீரில் கையால் அலசி, நிழலில் உலர்த்து.

அன்புடன்,
அம்மா