விகடகவிக்கு முட்டை மார்க்

பயிற்சிக் கையேடு தயாரிக்கும் குழுவினருக்கு,

ஐயா, அம்மா, வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் உங்கள் கையேட்டை வைத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச், அதாவது பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள், சொல்லிக்கொடுக்கிறவன் நான். சரங்கள் (எழுத்துகளைக் கோத்த தொடர், ‘ஸ்ட்ரிங்’) பாடத்தில் தமிழுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை. போன வாரச் செய்முறைத் தேர்வுக்குப் பிறகு, நாலு பேர் பார்க்கக் கேட்பதுதான் சரி என்று பட்டது.

கேள்வி நீங்கள் கொடுத்ததுதான். ஒரு சொல்லை வாங்கி, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து, திருப்பினாலும் அதே சொல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் கையேட்டில் இருந்த ஆங்கிலச் சொல்லையே அடித்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் ‘விகடகவி’ என்று அடித்தாள். பிளாக்குகளை அடுக்கியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் திரையில் விடை சொல்லும் ஸ்கிராட்ச் பூனை ‘இல்லை’ என்றது. திருப்பிய சொல்லைக் காட்டச் சொன்னால், புள்ளி வட்டத்தில் தொங்கும் ஒரு இகரக் கொக்கி, அதன் பின்னால் ‘வகடகிவ’. மேற்பார்வைக்கு வந்தவர் பூனையைப் பார்த்தார், விடைக்குறிப்பைப் பார்த்தார், முட்டை போட்டார்.

“திருப்பி வாசிச்சாலும் விகடகவிதான சார்?” என்று என்னிடம் கேட்டாள். அந்தப் பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. நம் 247 எழுத்துகளில் ஒருங்குறியில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறை) தனிக் குறியெண் உள்ளவை 31தான். மீதி 216க்கும் இரண்டிரண்டு குறியெண். ஸ்கிராட்ச் எண்ணுவது குறியெண்ணை. பிள்ளை எண்ணுவது எழுத்தை. அதனால்தான் ஐந்தெழுத்து விகடகவி அங்கே ஏழாகிறது. ‘நெல்லை’யின் நீளம் 6 என்று வருகிறது, இரண்டாம் எழுத்தைக் கேட்டால் வெறும் கொம்பைக் காட்டுகிறது. சரம் என்றால் பூச்சரம் மாதிரி என்று முதல் பக்கத்தில் அழகாக எழுதியிருக்கிறீர்கள். பூவையும் காம்பையும் தனித்தனியாக எண்ணி விலை சொல்கிற பூக்காரியை எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்த்ததில்லை.

மேல்வகுப்புக்குப் போய் விஷுவல் பேசிக் என்ற நிரல்மொழியைத் தொட்டாலும் இதே கதைதான். ‘நெ’யை ஒற்றைக் குறிக்கான ‘சார்’ (Char) வகையில் போட்டால், ஒரே ஒரு குறிதான் இருக்கலாம் என்று பிழை வருகிறது. (வகுப்பில் என்னையும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டு சாருக்கும் பதில் தெரியவில்லை.)

1999இல் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தது. கணினித் தமிழ் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். தமிழ் பிறந்த இடம் என்று நாம் பெருமையடிக்கிற பொதிகை மலைக்குக் கீழே, தமிழில் ஒரு சொல் அடித்ததற்கு ஒரு பிள்ளைக்கு மார்க் போயிருக்கிறது. அடுத்த மாநாட்டில் இதற்கும் ஒரு அரங்கம் போட்டு, பொன்னாடை போர்த்திவிடலாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது ஒரு பக்கம். இதில் மென்பொருள் மேல் குற்றமில்லை, ஒருங்குறி மேலும் இல்லை. புள்ளியும் பதினொரு உயிர்க்குறிகளுமாகப் பன்னிரண்டையும் ஒரு பட்டியலில் போட வேண்டும். சொல்லை முதலிலிருந்து படித்துவரும்போது, வருவது அந்தப் பட்டியலில் இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் புது எழுத்தாக வைக்க வேண்டும். அப்புறம் திருப்பினால் போதும். மறுநாள் அதை அவளுக்குச் சொன்னேன், அரை மணி நேரத்தில் செய்துவிட்டாள். பூனை ‘ஆம்’ என்றது.

அந்த ஒரு பக்கத்தை அடுத்த அச்சுக்கு முன்னால் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அவளுடைய விடைத்தாளை மறுபடி திருத்தவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பயிற்றுநர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்