ஓர் அளவுக்கோடு போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ஆடும் மரக்குதிரையைப் பேத்திக்காகச் செய்யத் தொடங்கினேன். படம் கால்பங்கு அளவில் இருந்ததால் ஸ்கேன் செய்து 400 சதவீதம் பெரிதாக்கி, 12 ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டினேன். ப்ளைவுட்டை அறுத்த பிறகுதான் தெரிந்தது, 64 செ.மீ. இருக்க வேண்டிய அடி வளைவு 61.4 செ.மீ.தான். பிரிண்டரின் 'தாளுக்குப் பொருத்து' அமைப்பு ஒவ்வொரு தாளையும் சுருக்கியிருக்கிறது. நல்ல பலகை போயிற்று.

அப்புறம் படத்தின் ஓரத்தில் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என 2.5 செ.மீ. கோடுகள் கிழித்து ஸ்கேன் செய்தேன். 'உண்மை அளவு' என்று மாற்றி அச்சிட்டதும் இரண்டும் சரியாக 10 செ.மீ. வந்தன. இனி வரைபடம் வெளியிடும்போது அந்தக் கோடுகளை நீங்களே சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

– வாசகர், கும்பகோணம்