ஒன்பதரை மணி வரை எங்களைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்

தமிழ்நாடு தொடக்கக் கல்வித் துறையின் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் வட்டார வள மையத்தில் பணிபுரிவோருக்கும், ஈராசிரியர் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் எழுதுவது. வணக்கம்.

காலையில் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையத் தொடங்கியதிலிருந்து வழிபாடு முடிந்து வகுப்பில் உட்காரும் வரை, அதாவது ஏறக்குறைய ஒன்பதரை மணி வரை, வாட்ஸ்அப் குழுவில் எந்த விவரமும் கேட்காதீர்கள். இதுதான் எங்கள் முதல் கோரிக்கை. 'மிக அவசரம்' என்று போட்டு வருகிற படிவங்களில் பெரும்பாலானவற்றைப் பதினொரு மணிக்கு அனுப்பினாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஆசிரியர் கைபேசியில் குனிந்திருந்தால் தவறிப்போகிற காரியங்களைப் பதினொரு மணிக்குத் திரும்பப் பிடிக்க முடியாது. அவை என்னென்ன என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

வாசலில் நிற்பதே அன்றைய முதல் வேலை. வருகிற பிள்ளையை ஒரு தடவை தலையிலிருந்து கால்வரை பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தினமும் இரட்டைப் பின்னலோடு வருகிற பெண் ஒருநாள் வாராத தலையோடு வந்தால், காலையில் அம்மா வீட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் இருக்கலாம், கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம், விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பியிருக்கலாம். எதுவானாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளையை வீட்டுப்பாடத்துக்காக எழுப்பி நிறுத்தக் கூடாது. கண் வீங்கியிருக்கிறதா, நேற்றுப் போட்ட அதே சட்டையா, எப்போதும் சேர்ந்து வருகிற தம்பி எங்கே என்று கவனிக்க ஒரு பிள்ளைக்கு ஐந்து நொடி போதும்.

"சாப்ட்டியா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் "சாப்ட்டேன் டீச்சர்" என்றுதான் சொல்லும். "என்ன சாப்ட்டே?" என்று கேட்க வேண்டும். சாப்பிட்ட பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். சாப்பிடாத பிள்ளை ஒரு கணம் யோசிக்கும், அல்லது பக்கத்தில் நிற்கிறவன் சொன்னதையே சொல்லும். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்த பிறகு இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கையில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று கணக்குப் போட்டுத்தான் சமைக்கிறார்கள். சிக்கல் வருவது தாமதமாக வருகிற பிள்ளைக்குத்தான். தம்பி தங்கையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிற மூத்த பிள்ளைகளே அதிகம் தாமதமாகிறார்கள். பாத்திரம் கழுவிய பிறகு வந்தால் பசியோடு நேரே வரிசையில் போய் நின்றுகொள்வார்கள். வழக்கமாகத் தாமதமாகிறவர்களின் பெயரை முந்தைய நாளே சமைக்கும் அக்காவிடம் சொல்லி, தட்டில் எடுத்து மூடி வைக்கச் செய்யலாம். தட்டை நீட்டி "போய்ச் சாப்பிடு" என்றால் மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று வேண்டாம் என்பார்கள். துணைக்கு ஒரு தோழியை அனுப்பினால் சாப்பிட்டுவிடுவார்கள். இத்தனையும் ஏழெட்டு நிமிட வேலை. அந்த நேரத்தில்தான் காலை உணவுப் படத்தைக் குழுவில் ஏற்றச் சொல்லி நினைவூட்டல் வருகிறது.

பென்சில் அடுத்த விஷயம். முதல் வகுப்புப் பிள்ளையின் பென்சில் சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்துவிட்டால் விரல் வளைத்துப் பிடிக்க முடியாது, எழுத்து கோணும். "ஏன் பென்சில் கொண்டு வரல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் அந்தப் பிள்ளை ஏதாவது பொய் சொல்லும். இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடும். சீவிய பென்சில் இருபதை ஒரு டப்பாவில் போட்டு, கதவுக்குப் பக்கத்து ஜன்னலில், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தால் போதும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாலையில் திரும்பப் போட வேண்டும். எடுத்தவர் பெயரை எழுதத் தொடங்கினால் தேவைப்படுகிற பிள்ளை எடுக்காது. மாதத்தில் சில பென்சில் காணாமல் போகும், போகட்டும்.

வருகைப் பதிவும் ஒரு சந்திப்புதான். பெயரைக் கூப்பிட்டு, "உள்ளேன் ஐயா" என்கிற முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும். நேற்று வராத பிள்ளையிடம் "ஏன் வரல?" என்பதை விட "நேத்து உன்னத் தேடினோமே" என்று சொன்னால், காரணம் தானாக இடைவேளையில் வந்து சேரும். ஏட்டில் குறித்துவிட்டு, பிறகு செயலியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. சிக்னல் இல்லாத ஊர்களில் ஆசிரியர் அதற்காக வகுப்பை விட்டு மரத்தடிக்கு நடக்கிறார். செயலிக்கான கெடு நேரத்தை முதல் இடைவேளை வரை தள்ளிவைத்தால் வகுப்பு தனியாக நிற்காது.

காலையில் இரண்டு வார்த்தை பேசிய ஆசிரியரிடம்தான் பிள்ளை பிறகு "டீச்சர், ஒண்ணுக்கு" என்று வந்து நிற்கும். கேட்கப் பயந்த பிள்ளைதான் உட்கார்ந்த இடத்திலேயே போய்விடும். அப்படி நடந்தால் முதலில் மற்ற பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வெளியே அனுப்பிவிட வேண்டும். அதன் பிறகே அந்தப் பிள்ளையை எழுப்ப வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் பொருந்துகிற மாற்று உடை இரண்டு அளவில் அலமாரியில் இருக்க வேண்டும். ஈரத் துணியைக் கவரில் சுற்றி, மாலையில் அம்மாவிடம் மற்றவர்கள் காதில் விழாமல் கொடுக்க வேண்டும். அதே பிள்ளைக்கு மறுபடியும் நடந்தால் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருக்கும், உள்ளே இருட்டாக இருக்கும், அல்லது குழாயில் தண்ணீர் வராது.

உடலில் அடிபட்ட தடமோ, திடீரென்று ஒருவரைக் கண்டு ஒடுங்குவதோ தெரிந்தால் அது வேறு விஷயம். வகுப்பில் விசாரிக்கக் கூடாது, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. பாலியல் குற்றம் என்று தெரிய வந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அப்படிச் சொல்கிற ஆசிரியருக்கு ஊரில் நெருக்கடி வரும். அன்றைக்கு நீங்கள் நேரில் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும்.

இனி எங்களுக்குள் நடப்பது. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் வாசலில் நின்றால் மற்றவர் சாப்பாட்டுப் பக்கம். வழிபாட்டுக்கு முன் இருவரும் பத்து நொடி பேசிக்கொள்வோம்: "மூணாம் வகுப்புல அவளுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல, பாத்துக்கோங்க." இந்தப் பத்து நொடி எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆனால் பள்ளி அதில்தான் நடக்கிறது. ஒருவரைப் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ அழைத்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். முந்தைய நாள் மாலைக்குள் சொல்லிவிட்டால் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவோம். காலை எட்டரைக்கு அழைப்பு வந்தால் அது முடிவதில்லை.

நீங்கள் பார்வைக்கு வரும்போது ஒன்று. எங்கள் பள்ளிகள் பலவற்றில் தலைமையாசிரியருக்குத் தனி அறை கிடையாது. வகுப்பு மூலையில் போட்ட மேசைதான் அலுவலகம். அங்கே நின்று பாட ஆசிரியரையோ தலைமையாசிரியரையோ கண்டித்தால் முப்பது பிள்ளைகளும் கேட்கிறார்கள். பிறகு ஒரு வாரம் ஆசிரியர் சொல்லுக்கு வகுப்பில் மரியாதை இருக்காது, சில பிள்ளைகள் பயந்தும் போவார்கள். பிள்ளைகளை மனரீதியாகத் துன்புறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவர்கள் விஷயத்திலும் அதே பண்பை எதிர்பார்க்கிறோம். குறையிருந்தால் எழுதிக் கொடுங்கள், அல்லது பிள்ளைகள் மதியம் சாப்பிடப் போன பிறகு சொல்லுங்கள். சமைக்கும் அக்காவிடமும், துப்புரவு செய்கிறவரிடமும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்தால் பிள்ளைகள் அதையும் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாகப் பணம். முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய், அதற்கு மேல் நூறு வரை 25,000. பென்சில், மாற்று உடை, சீப்பு, சோப்பு ஆகியவற்றை இதில் வாங்கலாம் என்று எழுத்தில் ஒரு வரி கொடுங்கள். தணிக்கையில் கேள்வி வரும் என்று பயந்து பல பள்ளிகளில் ஆசிரியர்கள் கைக்காசில் வாங்குகிறார்கள். காலை நேரக் கோரிக்கையையும் இந்த மானிய விஷயத்தையும் அடுத்த தலைமையாசிரியர் கூட்டத்தின் பொருளில் சேர்த்து, ஒரு பருவத்துக்காவது ஒன்றியம் முழுக்க நடைமுறைப்படுத்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஈராசிரியர் பள்ளி ஆசிரியர்கள்