நடன இரவைக் கிளைமாக்ஸ் என்று கற்பிக்காதீர்கள்

திரைக்கதைப் பயிலரங்குகள் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தொடக்கம், நடு, முடிவு என்று கதையைப் பிரிக்கும் மூன்று அங்க அமைப்பை விளக்க நீங்கள் அடிக்கடி எடுத்துக்கொள்வது அமெரிக்கப் பள்ளிக் காதல் நகைச்சுவை. காரணம் புரிகிறது. படம் நூறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பாத்திரங்கள் குறைவு, கடைசியில் ‘ப்ராம்’ என்கிற நடன இரவு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. பலகையில் கோடு போட்டு, அதன் முனையில் ‘ப்ராம், கிளைமாக்ஸ்’ என்று எழுதிவிடுகிறீர்கள். அந்தக் கோட்டை நம்பி மாணவர்கள் எழுதும் திரைக்கதைகளில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. தொண்ணூறாம் பக்கம்வரை ரகசியத்தைப் பொத்தி வைக்கிறார்கள். மிச்சப் பத்துப் பக்கத்தில் அது உடைகிறது, சண்டை வருகிறது, மன்னிப்பு, முத்தம், படம் முடிந்தது. காயம்பட்டவள் அழுது முடிப்பதற்குள் சிரிக்க வேண்டியிருக்கிறது.

நடன இரவு ஒரு கெடு. கதையில் அதற்கு முதல் வேலை அதுதான். பத்தாம் பக்கத்துக்குள் தேதி தெரிந்துவிட வேண்டும், பார்ப்பவர் நாள் எண்ணத் தொடங்க வேண்டும். எந்த நடனம் என்பதைப் பொறுத்து கெடுவின் குணமும் மாறும். பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் நடனம் இலையுதிர் காலத்தில், அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை ஒட்டி வருகிறது. கல்வியாண்டின் தொடக்கம் என்பதால் அங்கே தோற்றவர்கள் மறுநாளே ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். சேடி ஹாக்கின்ஸ் நடனத்தில் பெண்தான் ஆணை அழைப்பாள். 1937இல் ‘லில் ஆப்னர்’ சித்திரக்கதையில் பிறந்த வழக்கம் அது. அழைக்கத் தயங்கும் பெண்ணின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான நடனம் இல்லை. ப்ராம் வசந்தத்தில், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பினருக்கு. அதை அடுத்துப் பட்டமளிப்பு. எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல வழக்கமான கடைசி நாளான மே 1ம் அந்தப் பக்கத்தில்தான் வருகிறது. பிரிவு என்பதை நாம் தனியாகக் கதையில் புகுத்தத் தேவையில்லை, நாள்காட்டியிலேயே இருக்கிறது. மாணவர் ‘ஸ்கூல் டான்ஸ்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், எந்த மாதம் என்று கேளுங்கள்.

இரண்டாவது வேலை, எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து பொய்யை உடைப்பது. 1999இல் வந்த ‘டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ’ படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்து வகுப்பில் வையுங்கள். ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் த ஷ்ரூ’வைப் பள்ளிக்குள் கொண்டுவந்த கதை. மகப்பேறு மருத்துவரான அப்பா ஒரு விதி போடுகிறார்: மூத்தவள் கேட் யாருடனாவது வெளியே போனால்தான் இளையவள் பியாங்காவும் போகலாம். பியாங்கா மேல் ஆசைப்படும் கேமரன், நண்பன் மைக்கேலோடு சேர்ந்து, அவள்மேல் கண் வைத்திருக்கும் பணக்கார ஜோயியை உசுப்பிவிடுகிறான். கேட்டை வெளியே அழைத்துப் போக, பேட்ரிக் என்ற முரட்டு மாணவனுக்கு ஜோயி பணம் கொடுக்கிறான். ஒருவர் ஆசை நிறைவேற இன்னொருவர் அசைய வேண்டும். கதையில் உதிரிப் பாத்திரம் என்று யாருமே இல்லை.

ரகசியம் எப்படி உடைகிறது என்று பாருங்கள். ப்ராமுக்குப் பியாங்கா கேமரனோடு வந்துவிடுகிறாள். காசு கொடுத்த ஜோயிக்கு நினைத்த காரியம் நடக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் அவன் பேட்ரிக்கிடம் வந்து, தான் கொடுத்த காசைப் பற்றிக் கேட்கிறான், பக்கத்தில் கேட் இருக்கிறாள். யாரும் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கவில்லை, கைதவறிய செல்பேசியை எடுத்துப் படிக்கவில்லை. ஒப்பந்தம் பொய்த்துப்போகும் இடமும் அது வெளியாகும் இடமும் ஒன்றே. மாணவர் திரைக்கதைகளில் பெரும்பாலும் பொறாமை பிடித்த தோழி ஒருத்தி தற்செயலாகக் கேட்டு, மேடையேறி மைக்கில் சொல்கிறாள். இன்றைக்கு ஏன் சொல்கிறாள், நேற்று ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் இருக்காது.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. பெரிய தாளில் கட்டம் போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் பாத்திரங்கள், மேலே காட்சி எண்கள். ரகசியம் தெரிந்தவர் கட்டத்தில் புள்ளி. நூறு பக்கக் கதைக்கு மூன்று முதல் ஐந்து பேருக்குத் தெரிந்திருந்தால் போதும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அது வெளிவரத் தற்செயலைத்தான் நம்ப வேண்டும். ஆறேழு பேருக்குத் தெரிந்தால் நாயகி மட்டும் ஏமாளியாகத் தெரிவாள், பார்ப்பவருக்கு அவள்மேல் மதிப்புக் குறையும். புள்ளி விழுந்த ஒவ்வொருவருக்கும் ‘இவர் எப்போது, எதை இழந்தால் வாயைத் திறப்பார்’ என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாத பாத்திரத்தின் புள்ளியை அழித்துவிடலாம்.

‘டென் திங்ஸ்’ படம் நடனத்தோடு முடிவதில்லை. பிறகு வீட்டில் ஒரு காட்சி, விதி போட்ட அப்பா கேட் விரும்பிய கல்லூரிக்குப் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். முதல் முடிச்சைப் போட்டவரே அவிழ்க்கிறார். அடுத்து வகுப்பறை, கேட் கவிதை வாசிக்கிறாள். கடைசியில் வண்டி நிறுத்துமிடம், ஜோயி கொடுத்த காசில் பேட்ரிக் வாங்கிய கிதார் அவள் காரில் இருக்கிறது. காயம்பட்டவள் ஊரறியப் பேசுகிறாள், தவறு செய்தவன் தனிமையில் மன்னிப்புக் கேட்கிறான். நடன மேடையில் மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்கும் நாயகன் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறான். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளால் ‘முடியாது’ என்று சொல்லவே முடியாது. அது மன்னிப்பே இல்லை, நிர்ப்பந்தம். பதின்வயதினர் பார்க்கிற படத்தில் இதைக் காதல் என்று காட்டுவது எங்களுக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

நடனத்தில்தான் முடிப்பேன் என்றால் முடிக்கலாம். அப்போது துரோகம் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். 1986இன் ‘பிரிட்டி இன் பிங்க்’ அப்படித்தான். நாயகி ஆண்டியை ப்ராமுக்கு அழைத்த பணக்காரப் பையன் பிளேன், நண்பர்களுக்குப் பயந்து பின்வாங்குகிறான். பள்ளியிலேயே அவள் அவனை நிறுத்திக் கேட்டுவிடுகிறாள். பிறகு அவள் இரண்டு பழைய உடைகளை வெட்டித் தனக்கொன்று தைக்கிறாள், தனியாகவே நடனத்துக்குப் போகிறாள். தைக்கிற அந்த நேரம்தான் காயம் ஆறுகிற நேரம். இந்தப் படத்தின் முடிவும் வகுப்பில் பேச வேண்டிய ஒன்று. முதலில் எடுத்த முடிவில் ஆண்டி நண்பன் டக்கியோடு சேர்ந்தாள். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைத் திரையிடலில் பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போக, பிளேனோடு சேரும்படி மறுபடி எடுத்தார்கள். பிளேனாக நடித்த ஆண்ட்ரூ மெக்கார்த்தி அதற்குள் நாடகம் ஒன்றுக்காகத் தலையை மழித்திருந்ததால் விக் வைத்து நடித்தார். எழுதிய ஜான் ஹியூஸும் இயக்கிய ஹோவர்ட் டாய்ச்சும் 1987இல் ‘சம் கைண்ட் ஆஃப் ஒன்டர்ஃபுல்’ படத்தில் கூடவே இருந்த தோழிக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். நண்பனா, அழகனா என்ற கேள்விக்கு நடன இரவு தானாகப் பதில் சொல்லாது. அதுவரை யாருக்கு எத்தனை காட்சி கொடுத்தோம் என்பதுதான் சொல்லும்.

இன்டர்வெல் பிளாக், அதாவது இடைவேளைக்கு முன் வரும் திருப்பக் காட்சி பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பழக்கத்தில் ஐம்பதாம் பக்கத்தில் பெரிய இடி விழ வேண்டும் என்று தேடுகிறீர்கள். இவ்வகைக் கதையில் அங்கே இடி விழாது. நடிப்பு நிஜமாகிற இடம் அது. காசுக்காகப் பழகியவனுக்கு அவளைப் பிடித்துப்போகிறது, அந்த நொடியிலிருந்து அவன் சொல்லாமல் விடுகிற ஒவ்வொரு நாளும் குற்றமாகிறது.

பொருட்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள். பெண்ணின் மணிக்கட்டில் கட்டும் பூக்கொத்து, ‘கோர்சாஜ்’ என்பார்கள், பெரும்பாலும் எலாஸ்டிக் பட்டியில் வருவது. உடையின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதால் பையன் சில நாள் முன்பே நிறத்தைக் கேட்டாக வேண்டும். அங்கே ஒரு காட்சி கிடைக்கிறது. தப்பான நிறத்தில் வாங்கிவந்தால் ஒரு சிரிப்பு. உண்மை தெரிந்தபின் அவள் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் ஒரு பக்க வசனம் மிச்சம். எலாஸ்டிக் பதிந்த தடம் மணிக்கட்டில் இருக்கும், மறுநாள் காலை அதைக் காட்டலாம். வேறு பள்ளி மாணவரை அழைத்துவர முன்கூட்டியே படிவம் கொடுக்க வேண்டும் என்பதும், வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதும் பல பள்ளிகளின் விதி. கதவைத் தாண்டுவது இதனாலேயே ஒரு முடிவாகிறது.

கூடத்தில் இசை அதிர்கிறது, யாருக்கும் எதுவும் கேட்காது. பேச வேண்டிய காட்சியை நடைபாதைக்கோ கழிப்பறைக்கோ வண்டிகள் நிற்கும் இடத்துக்கோ மாற்றச் சொல்லுங்கள். உள்ளே பார்வைகள் போதும்.

அடுத்த பயிலரங்கில் ஒன்று செய்து பாருங்கள். நடனத்தை எழுதுவதற்கு முன், மறுநாள் காலைக் காட்சியை இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நாற்காலியில் தொங்கும் உடை, வாடிய பூ, சமையலறையில் அம்மாவோ அப்பாவோ கேட்கும் முதல் கேள்வி, அதற்கு அவள் சொல்லும் பதில். அந்தப் பதிலில் பொய் இருந்தால் கதைக்கு இன்னும் பதினைந்து பக்கம் தேவை. உண்மை இருந்தால் அங்கிருந்து பின்னோக்கி நடனத்தை எழுத ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
திரைக்கதை எழுதுவோரும் திருத்துவோருமான சிலர்