திட்டுவதென்றால் பாத்திரத்தைத் திட்டுங்கள்: ரிக் ரசிகர்களுக்கு ஒரு சித்தியின் திறந்த மடல்

‘ரிக் அண்ட் மார்ட்டி’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின், குறிப்பாக அதில் வரும் குடிகார விஞ்ஞானித் தாத்தா ரிக் சான்செஸின், தீவிர ரசிகப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நானும் உங்கள் கூட்டத்தில் ஒருத்திதான். தாமதமாகப் பார்க்க ஆரம்பித்தேன், அதற்குப் பிறகு ஒரு எபிசோடையும் விட்டதில்லை. அதனால் கதை சொல்லி உங்கள் நேரத்தை வாங்கப் போவதில்லை. சாஸ் விவகாரம் உங்களுக்குத் தெரியும், எழுத்தாளர்கள் விவகாரம் தெரியும், குரல் மாறியதும் தெரியும். போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது மட்டும்தான் தெரியாது. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

என் அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தான். 3-வது சீசனை மறுபடி முதலிலிருந்து பார்க்கலாம் என்று ஒரு தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முதல் எபிசோடு முடிந்தது. பையன் ரிமோட்டைக் கையில் எடுத்தான்.

“சித்தி, இதோட நிறுத்திக்கலாம். இந்த சீசன்லேர்ந்துதான் பொம்பளைங்க எழுத வந்தாங்க. இனிமே மொக்கையா இருக்கும்.”

“யாருடா சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க.”

அந்த எல்லாரும் நீங்கள்தான்.

உனக்கு ரொம்பப் பிடித்த எபிசோடு எது என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, “பிக்கிள் ரிக்” என்றான். சரி என்று அதைப் போட்டேன். எழுதியவர் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினேன். ஜெசிகா காவோ. 2018-ல் எம்மி விருது வாங்கித் தந்த எபிசோடு அது. பையன் அந்தப் பெயரை இரண்டு தரம் படித்தான். கொஞ்சம் யோசித்தான். அப்புறம் சொன்னான்: “ஆம்பளைங்க யாராவது திருத்திக் குடுத்திருப்பாங்க.”

நானும் விடவில்லை. அந்த சீசனிலேயே பிடிக்காதது எது என்று கேட்டேன். ரிக்கின் மகள் பெத் சின்ன வயதில் விளையாடிய மாய உலகத்துக்குத் திரும்பப் போவாளே, அதுவாம். பொம்பளை எழுதினது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம். அதை எழுதியவர் மைக் மெக்மஹன். மீசை வைத்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆண்.

2017-ல் இவன் ஆரம்பப் பள்ளிப் பையன். நீங்கள் அன்று கொளுத்திப் போட்டது இத்தனை வருடம் கழித்து எங்கள் ஹாலில் வந்து புகைகிறது. அதனால்தான் கேட்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்: திட்டுவதென்றால் பாத்திரத்தைத் திட்டுங்கள். ஆளை விட்டுவிடுங்கள்.

3-வது சீசனுக்காக நான்கு பெண்கள் எழுத்தாளர் அறைக்குள் வந்தார்கள். ஜேன் பெக்கர், ஜெசிகா காவோ, சாரா கார்பினர், எரிக்கா ராஸ்பி. திரையில் ஒரு பெயர் வந்தாலும் எபிசோடு அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து உடைத்து, சேர்த்து, மறுபடி உடைத்து எழுதுவது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் எப்படி எழுதப்படுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பல பரிமாணக் கோட்பாட்டையே விரலில் எண்ணிச் சொல்பவர்கள் நீங்கள். ஆனாலும் உங்களில் சிலருக்குக் கண்ணில் பட்டது பெண் பெயர் மட்டும். அவர்களுடைய சொந்த விவரங்களைத் தேடி எடுத்துப் பொதுவில் போட்டீர்கள். மிரட்டினீர்கள். ஒரு நகைச்சுவைத் தொடர் கொஞ்சம் சிரிப்புக் குறைந்துவிட்டது என்ற சந்தேகத்துக்காக.

தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் ஹார்மன் 2017 செப்டம்பரிலேயே பேட்டியில் உங்களை அருவருப்போடு கண்டித்தார். அவரும் ஒன்றும் உத்தமர் இல்லை. முன்பு வேறொரு தொடரில் தன் கீழ் வேலை செய்த ஒரு பெண் எழுத்தாளரிடம் நடந்துகொண்ட விதத்துக்கு 2018 ஜனவரியில் அவரே மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஆனால் கேட்டார். என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக் கேட்டார். உங்கள் பக்கமிருந்து அப்படி ஒன்று வந்து நான் பார்த்ததில்லை.

சாஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நானும் முதலில் சிரித்தவள்தான்.

2017 ஏப்ரல் 1-ஆம் தேதி, யாரும் எதிர்பாராத நேரத்தில், 3-வது சீசனின் முதல் எபிசோடு வந்தது. கடைசியில் ரிக் கத்துகிறார்: தன்னை ஓட்டுவது குடும்பப் பாசமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை, 1998-ல் ‘முலான்’ படத்துக்காக மெக்டொனால்ட்ஸ் கொடுத்த செஷ்வான் சாஸ்தான் என்று. தன் துக்கத்தை யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனுஷன் எடுத்துவிடும் பொய் அது. காட்சியின் நகைச்சுவையே அதில்தான் இருக்கிறது. நீங்கள் சாஸைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அக்டோபர் 7, சனிக்கிழமை. ஒரே ஒரு நாள் அந்த சாஸைத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. சில கடைகளுக்கு வந்தது இருபது பாக்கெட். பல கடைகளுக்கு ஒன்றுமே வரவில்லை. வெளியே நூற்றுக்கணக்கில் வரிசை. நிறுவனம் செய்தது முட்டாள்தனம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் நிறுவனம் அந்தக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கவில்லை. நின்றது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 7.25 டாலர். அதையோ அதற்குக் கொஞ்சம் மேலாகவோ வாங்கும் ஒரு பெண் காலையில் சீருடை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் இந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. வாசலில் இத்தனை கூட்டம் ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. முதல் ஆள் வந்து சாஸ் கேட்கிறான். தீர்ந்துவிட்டது என்கிறாள். இரண்டாவது ஆள் கேட்கிறான். பத்தாவது ஆள் நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்ததாகச் சொல்கிறான், அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். பின்னால் கூட்டம் சாஸ், சாஸ் என்று கோஷம் போடுகிறது. எல்லோர் கையிலும் போன், எல்லாம் அவள் முகத்துக்கு நேராக. வழக்கமாக வரும் ஒரு தாத்தா காபி வாங்க முடியாமல் திரும்பிப் போகிறார். சில ஊர்களில் போலீஸ் வர வேண்டியிருந்தது. ஒரு கடையில் ஓர் ஆள் கவுன்டர் மேலேயே ஏறி ரிக் மாதிரி கூச்சல் போட்டான். அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அதை மறுபடி பார்த்தபோது அவனைப் பார்க்கவில்லை. அவன் குதித்து ஓடிய பிறகும் அந்தக் கடை மாலை வரை திறந்திருக்குமே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிகிற வரை அங்கேயே நிற்க வேண்டியவர்கள் இருந்தார்கள்.

கடைத் தொழிலாளிகளிடம் பதவிசாக நடந்துகொள்ளுங்கள், தப்பு அவர்களுடையது இல்லை என்று அன்றைக்கு ரிக்கின் குரலாக இருந்த ஜஸ்டின் ராய்லண்டே எழுத வேண்டியிருந்தது. ரிக்கின் குரல் சொல்லியே நீங்கள் கேட்கவில்லை என்றால் சித்தி சொல்லியா கேட்கப் போகிறீர்கள்? அடுத்த பிப்ரவரியில் நிறுவனம் இரண்டு கோடி பாக்கெட் இறக்கியது. அதுவரை பொறுத்திருந்தால் கெட்டுப்போயிருக்குமா? சாஸ்தானே ஐயா.

உங்களைப் பற்றி ஒரு பெருமை உலவியது, இந்தத் தொடர் புரிய அபார மூளை வேண்டும் என்று. அதைக் கேலி செய்து எழுதப்பட்ட பத்தியை உலகமே சுற்றவிட்டுச் சிரித்தது. உங்களில் சிலர் மட்டும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டீர்கள். சரி, அந்த மூளையிடமே கேட்கிறேன். என் அக்கா மகன் மார்பில் ஒரு வாசகத்தை அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறான்: “வப்பா லப்பா டப் டப்”. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “செம ஜாலின்னு அர்த்தம்” என்றான். முதல் சீசனின் கடைசி எபிசோடிலேயே ரிக்கின் நண்பர் பேர்ட்பெர்சன், ரிக்கின் பேரன் மார்ட்டியிடம் சொல்லிவிடுகிறார், தன் இன மக்களின் மொழியில் அதற்கு, நான் பெரும் வேதனையில் இருக்கிறேன், எனக்கு உதவுங்கள் என்று பொருள். உதவி கேட்டு அழும் ஒருத்தரின் குரலை டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு, அதே டி-ஷர்ட்டோடு போய் அடுத்தவரை அழவைத்துவிட்டு வருகிறோம். 2020-ல் 4-வது சீசன் முடியும்போது, தான் ஒரு மோசமான அப்பன் என்று ரிக்கே ஒத்துக்கொள்கிறார். மகள் பெத்துக்கு ஒரு நகலைச் செய்துவிட்டு, எந்தப் பெத் அசல், எது நகல் என்று தனக்கே தெரியாதபடி குழப்பி வைத்ததும் அவரேதான். அவர் ஒத்துக்கொண்டதை அவருடைய ரசிகர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பிக்கிள் ரிக்கையே எடுங்கள். குடும்பத்தோடு மனநல ஆலோசனைக்குப் போவதைத் தவிர்ப்பதற்காகத் தன்னை ஊறுகாய் வெள்ளரிக்காயாக மாற்றிக்கொண்டு சாக்கடையில் எலிகளோடு சண்டை போடுகிற ஆளின் கதை அது. கடைசியில் அந்த டாக்டர் வாங், குரலை உயர்த்தாமல், ரிக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைக்கிறார். நீங்கள் எலிச் சண்டையை மட்டும் எடுத்து பொம்மையாக மேசையில் வைத்துக்கொண்டீர்கள். டாக்டரை எழுதியவரைத் துரத்தினீர்கள்.

இது உங்கள் தொடரோடு மட்டும் நிற்கிற வியாதி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் போதைப்பொருள் காய்ச்சிக் கொலை மேல் கொலை செய்தவன் நாயகன், ஏன் என்று கேட்ட மனைவி நச்சரிப்பு. அந்த ஸ்கைலராக நடித்த அன்னா கன், பாத்திரத்தின் மேல் கிளம்பிய வெறுப்பு தன் மேலேயே திரும்பியதைப் பற்றி 2013-ல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுத நேர்ந்தது. எங்கள் பாட்டியும் திட்டியவள்தான். எம்.ஜி.ஆர். படம் போட்டால் நம்பியார் வரும்போதெல்லாம் “கட்டையில போறவன்” என்று மண்ணை வாரித் தூற்றுவாள். ஆனால் படம் முடிந்ததும் எழுந்து போய் அரிசி களைவாள். வசனம் எழுதியவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பியதில்லை.

பாட்டியைப் பின்பற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். ரிக்கின் மருமகன் ஜெர்ரியைத் திட்டுங்கள், தாராளமாக. அந்த ஆள் அதற்காகவே படைக்கப்பட்டவர். குதிரைக்கு இதய அறுவை செய்கிற பெத்தின் ஒயின் பாட்டிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுங்கள், நானும் வந்து உட்காருகிறேன். 2-வது சீசன் முடிவில் ரிக் சரணடைந்தது ஜெர்ரியாலா, இல்லை ரிக்கின் சொந்தக் குற்ற உணர்ச்சியாலா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடலாம். ஒரு எபிசோடு மொக்கை என்றால் மொக்கை என்று சொல்லுங்கள். எனக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு, டிராகன் எபிசோடுக்கு அதில் முதலிடம். இதெல்லாம் ரசிகனின் உரிமை. ஒரு மனுஷியின் விலாசம் உங்கள் உரிமைக்குள் வராது.

2023-ல் 7-வது சீசனுக்குக் குரல் மாறியபோதும் இதே பாட்டு. ராய்லண்டுக்குப் பதிலாக ரிக்குக்குக் குரல் கொடுக்க வந்த இயன் கார்டோனியும் மார்ட்டிக்குக் கொடுக்க வந்த ஹாரி பெல்டனும் யாருடைய வேலையையும் பிடுங்கவில்லை. காலியான இடத்துக்குத் தேர்வு வைத்து எடுத்தார்கள், வந்தார்கள். ஏப்பம் விடுகிற சத்தம் சரியில்லை என்று அரை மணி நேர வீடியோ போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அது ஒரு மாதிரியான காதல். அந்த இருவரையும் பேர் சொல்லி வசைபாடியவர்களைத்தான் சொல்கிறேன்.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. மன்னிக்கவும். உங்களில் பெரும்பாலோர் இதில் எதையும் செய்யாதவர்கள், என்னைப் போலப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் என் வேண்டுகோள் இன்னும் சின்னது. பக்கத்தில் ஒருத்தன் “பொம்பளைங்க எழுதினது” என்று ஆரம்பித்தால் சும்மா சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எந்த எபிசோடை யார் எழுதினார்கள் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் பேச்சு ஓடாது. வீடியோ போட்டு ஆயிரக்கணக்கான பையன்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம்: 2017-ல் எடுத்து வைத்த அந்தப் பழைய வீடியோக்களை நீக்க மனம் வராவிட்டால், ‘பிக்கிள் ரிக்’ எழுதியவர் பெயரை அதன் கீழே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

பாத்திரத்தை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆளை விட்டுவிடுங்கள். இதற்கு மேல் இதை எப்படிப் பணிவாகக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பையன் ஊருக்குப் போய்விட்டான். 3-வது சீசனில் ஏழு எபிசோடு பாக்கி இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வந்து பார்த்து முடிப்பதாகச் சொல்லியிருக்கிறான். பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகக் கேட்டான், “சித்தி, அந்த ஜெசிகா வேற என்ன எழுதியிருக்காங்க?” ‘ஷீ-ஹல்க்’ என்றேன். முகம் சுருங்கியது. அதைப் பற்றியும் நீங்கள் ஏற்கெனவே ஏதோ சொல்லி வைத்திருக்கிறீர்கள் போல.

இப்படிக்கு,
உங்கள் கூட்டத்திலேயே இருக்கும் ஒரு சித்தி