இருகூர் வால்வு: நண்பருக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பர் யோகராசாவுக்கு,

நலம். உமது நலமறிய ஆவல். மட்டக்களப்பிலிருந்து நீர் எழுதிய கடிதம் கிடைத்தது. எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) செய்து பார்த்ததில் இருகூர் வால்வில் கசிவு இருப்பதாகச் சொன்னார்கள் என்றும், "வால்வு பழுது" என்பதற்கு மேல் எதுவும் விளங்கவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தீர். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பித்தே காலம் கழித்தவன் என்ற உரிமையில், அந்த வால்வின் அமைப்பை உமக்கு விளக்க விரும்புகிறேன்.

இதயத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், மேலே குருதியை வாங்கும் சோணையறையும் கீழே அதை வெளியே தள்ளும் இதயவறையும் உள்ளன. இடப்பக்கத்தில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒருவழி வாயிலே இருகூர் வால்வு. வலப்பக்கத்தைப் பற்றி இப்போது அதிகம் சொல்லத் தேவையில்லை. உடலெங்கும் சுற்றிவந்த குருதி அங்கே சேர்ந்து, முக்கூர் வால்வைக் கடந்து, சுவாசப்பைக்குப் போகிறது. வலது இதயவறை சுருங்கும்போது அமுக்கம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இரசம்தான். இடது இதயவறையிலோ அது 120 வரை உயர்கிறது. அவ்வளவு அமுக்கத்தையும் ஒவ்வொரு துடிப்பிலும் தாங்கி, குருதி சோணையறைக்குத் திரும்பிவிடாமல் காப்பது இருகூர் வால்வே.

வகுப்பில் ஆட்டின் இதயத்தை எடுத்து, இடது சோணையறையிலிருந்து கீழ்நோக்கி வெட்டி விரித்தால், பிள்ளைகள் சட்டென்று மௌனமாகிவிடுவார்கள். மெல்லிய, வெண்மையான இரண்டு மடல்கள். அவற்றின் விளிம்பிலும் அடிப்புறத்திலும் வந்து பொருந்தும் வெண்ணிற நாண்கள். அந்த நாண்களைக் கீழ்நோக்கித் தொடர்ந்தால், இதயவறைச் சுவரிலிருந்து எழும் இரண்டு தசைமுளைகளில் போய் முடியும். ஒவ்வொரு தசைமுளையும் ஒரு மடலுக்கு மட்டுமன்றி இரண்டு மடல்களுக்கும் நாண்களை அனுப்புகிறது என்பதைக் காணும்போது எனக்கு இன்றும் வியப்புத் தீர்வதில்லை. மடல்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பொருந்துவதற்கு இந்த ஏற்பாடு துணைசெய்கிறது.

தசைமுளைகள் சுருங்கி வால்வை இழுத்து மூடுகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. மூடுவது குருதியின் அமுக்கம். மடல்கள் சோணையறைக்குள் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வதே நாண்களின் வேலை. வள்ளத்தின் பாயைக் காற்று விரிக்க, கயிறு அதைப் பறந்துபோகாமல் பிடித்திருப்பது போலத்தான் இதுவும். இதயத்திலிருந்து உடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருநாடியின் வாயிலில் உள்ள அரைமதி வால்வுக்கோ நாண்களே இல்லை. அதன் மூன்று குழிந்த மடல்கள், திரும்ப முயலும் குருதி நிறைவதனாலேயே மூடிக்கொள்கின்றன. அவற்றுக்குச் சற்று மேலேதான், இதயத்துக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடிகள் தொடங்குகின்றன.

ஆகவே, வால்வு என்றால் மடல் மட்டுமன்று என்பதே நான் உமக்குச் சொல்ல வந்த செய்தி. மடல், அதைச் சூழ்ந்த வளையம், நாண், தசைமுளை, அந்த முளையைத் தாங்கும் சுவர் ஆகிய எல்லாம் சேர்ந்தே ஒரு வாயில். மடல் முழு நலத்துடன் இருந்தும் கசிவு ஏற்படலாம்: இதயவறை விரிவடைந்தால் தசைமுளைகள் வெளிப்புறம் நகர்ந்து நாண்களை இழுக்கும்; அப்போது மடல்கள் சந்திக்க முடியாது. மாரடைப்பில் ஒரு தசைமுளையே பாதிக்கப்படலாம். பின்புற முளைக்குப் பெரும்பாலும் ஒரே நாடிதான் குருதி தருவதால், ஆபத்து அதற்கே அதிகம். நாண் அறுந்தால் கசிவு திடீரென்று கடுமையாகிவிடும். காரணம் வேறானால் பரிகாரமும் வேறு என்பதால், அடுத்த முறை கிளினிக்கில் "எந்தப் பகுதியில் பழுது?" என்று தயங்காமல் கேளும்.

இன்னொன்றும் உண்டு. ஆறாம் வகுப்பில் உமக்குத் தொண்டைநோவும் காய்ச்சலும் வந்து, பின்னர் மூட்டுகள் வீங்கி நெடுநாள் பாடசாலைக்கு வராதிருந்தீர். அது வாதக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். தொண்டையில் தொற்றும் ஒருவகைப் பற்றீரியாவுக்கு எதிராக உடல் எழுப்பும் எதிர்ப்பு, சிலரில் இதய மடல்களையும் தாக்கி, அவற்றைத் தடிக்கச் செய்து, நாண்களைக் குறுக்கிவிடும்; அதன் விளைவு பல ஆண்டுகள் கழிந்தும் வெளிப்படும். இதை வைத்தியரிடம் மறவாமல் சொல்லும்.

எக்கோ அறிக்கையில் உள்ளதை ஒரு சொல் விடாமல் பிரதியெடுத்து அனுப்பினால், விளங்காத இடங்களை நாம் சேர்ந்து வாசிக்கலாம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியும்.

என்றும் அன்புடன்,
சபாநாதன்