‘எம்’ ஒரு அடியில், ‘குன்று’ மறு அடியில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சாப்பிடுகிறாயா? உனக்கு வேலை அதிகம் போல. குட்டிதான் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். தமிழ் வகுப்பில் புறநானூறு 112, அதுதான் பாரி இறந்தபின் அவன் மகள்கள் பாடியது, கொடுத்திருக்கிறார்களாம், “எதுகை மோனை சொல்லு அம்மாச்சி” என்கிறாள். உனக்கே எழுதுகிறேன், நீ சொல்லிக் கொடு.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

எதுகை லேசு: அற்றை, இற்றை. வென்றெறி, குன்றும். மோனை: அற்றை–அவ்வெண், இற்றை–இவ்வெண், வென்றெறி–வேந்தர். முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒன்றுகிறது, அதனால் பொழிப்பு மோனை. கடைசிக்கு முந்தின அடியில் மூன்றே சீர், நேரிசை ஆசிரியப்பா. மார்க்குக்கு இது போதும். பாரியின் பறம்பு நம் பிரான்மலைதான் என்றும் சொல். அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினாரே, அந்த மலை.

எட்டாம் வகுப்பில் இதை மேடையில் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாய். அவ்வளவு ஞாபகசக்தி உள்ளவளுக்கு என் நம்பர் மட்டும் மறந்துவிடுகிறது. சரி, விடு. வேளைக்குச் சாப்பிடு.

முப்பது வருஷம் பாடம் நடத்தியும் நான் கவனிக்காதது ஒன்று. இரண்டாம் அடியில் ‘எம் குன்றும்’ சேர்ந்தே இருக்கிறது. நாலாம் அடியில் ‘எம்’ அந்தக் குட்டை அடியின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது, ‘குன்று’ கீழே விழுந்துவிடுகிறது. அப்புறம் வரிசை. முதலில் தகப்பன் முன்னே, குன்று பின்னே. முடிவில் குன்று முன்னே, தகப்பன் பின்னே. சொல் அதேதான், இடம் மாறிவிட்டது.

நம் வீட்டில் அப்பா முதலில் போனார். வீட்டை எந்த வேந்தனும் முரசறைந்து வாங்கவில்லை, பாப்பா. தை மாதமே நான்தான் கையெழுத்துப் போட்டேன். மாசியில் நீ கேட்டபோது வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்றேன். பொய். கடனைச் சொன்னால் நீ பணம் அனுப்பிவிடுவாய் என்று பயந்தேன். உன்னைக் கேட்காமல் விற்றதைவிட, அந்த ‘வாடகை’ என்ற சொல்தான் ராத்திரியில் என்னை எழுப்புகிறது. நீ அதை அத்தை வாயால் கேட்டிருக்கக் கூடாது.

ராத்திரி கண் விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

கொல்லைக் கதவுச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர்கள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அம்மா